பென் டிரைவ் ஃபார்மேட் ஆக மாட்டேங்குதா? மறுக்குறது யாருன்னு முதல்ல பாருங்க

பென் டிரைவ சொருகுனா டிரைவ் லெட்டர் வருது, ரைட் கிளிக் பண்ணி ஃபார்மேட் கொடுத்தா பச்சைப் பட்டை கொஞ்ச தூரம் ஓடிட்டு "விண்டோஸ் வாஸ் அனேபிள் டு கம்ப்ளீட் த ஃபார்மேட்"னு நின்னுடுது, இல்லன்னா எடுத்த எடுப்புலயே "த டிஸ்க் இஸ் ரைட் புரொடெக்டட்"ங்குது. உடனே நம்மாளுங்க பண்றது ஒண்ணுதான், ஃபார்மேட் பண்ற சாஃப்ட்வேரா தேடித்தேடி டவுன்லோட் பண்றது. தயவுசெஞ்சு அது வேண்டாம். எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் கடைசில டிரைவுக்குள்ள இருந்து எழுதுறது, படிக்கிறது எல்லாத்தையும் நடத்துற கன்ட்ரோலர் சிப்கிட்டதான் போய் "இத எழுது"ன்னு கேக்கணும், அந்த சிப்பே முடியாதுன்னு சொல்லிட்டா யார் போய் கேட்டாலும் அதே பதில்தான். ஸோ மறுக்குறது போர்ட்டா, விண்டோஸா, பார்ட்டிஷன் (டிரைவ்ல இடத்த பிரிச்சு வச்சிருக்குற விதம்) குழப்பமா, இல்ல டிரைவேவான்னு கண்டுபிடிக்கணும், அவ்ளோதான் வேலை.

அதுக்கும் முன்னாடி, உள்ள இருக்குற ஃபைல் திறக்குதுன்னா மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல காப்பி எடுங்க. டிஸ்க்ல கோளாறு தேடுற விண்டோஸோட செக்டிஸ்க் இப்போதைக்கு ஓட்டவே ஓட்டாதீங்க, ரிப்பேர் பண்ணச் சொல்லி ஓட்டுனா அது ஃபைல் சிஸ்டத்துல (ஃபைல் எல்லாம் எங்க இருக்குங்குற அமைப்புல) எழுத ஆரம்பிக்கும், சாகக் கிடக்குற டிரைவ்ல எழுதுறது நல்லதில்ல. காப்பி ஏதாவது ஒரு ஃபைல்ல மாட்டிக்கிட்டு நகரலன்னா அத ஸ்கிப் பண்ணிட்டு மத்தத எடுங்க. லினக்ஸ் தெரிஞ்சவங்க டிடிரெஸ்க்யூங்குற டூல் போட்டு முழு டிரைவையும் இமேஜா, அதாவது ஒரே ஃபைல்ல அச்சு அசல் நகலா எடுத்துக்கலாம், அது படிக்க வர்றத முதல்ல வாரிக்கிட்டு முரண்டு புடிக்கிற இடத்துக்கு கடைசியா திரும்பி வரும்.

அடுத்து போர்ட். யூஎஸ்பி ஹப், எக்ஸ்டென்ஷன் ஒயர் எல்லாத்தையும் தூக்கிட்டு, டெஸ்க்டாப்னா கேபினெட்டுக்குப் பின்னாடி மதர்போர்டுலயே இருக்குற போர்ட்ல சொருகிப் பாருங்க, முன்பக்க போர்ட் நிறைய கேபினெட்ல லூஸாதான் இருக்கும். அப்புறம் வேற ஒரு கம்ப்யூட்டர், ஆனா ஆபீஸ் லேப்டாப் வேண்டாம், நிறைய கம்பெனில பென் டிரைவ்ல எழுத விடாம பாலிசி போட்டு வச்சிருப்பாங்க, அத பாத்துட்டு டிரைவ் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டிடுவீங்க. சொருகி லேசா அசைச்சாலே கனெக்ட் ஆகி கட் ஆகுற அந்த "டுடுங்" சத்தம் மாறி மாறி வந்தா கனெக்டர் சால்டர் விட்டிருக்குன்னு அர்த்தம், மொபைல் சர்வீஸ் பண்றவர்கிட்ட கொடுத்தா ஒட்டிக் கொடுப்பார், டேட்டாவும் பொழச்சுக்கும்.

போர்ட் பிரச்சனை இல்லன்னு ஆனதும் விண்டோஸ்லயே இருக்குற டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து சைஸ பாருங்க, பாதி கதை அங்கயே தெரிஞ்சிடும். 32 ஜிபி டிரைவ் கிட்டத்தட்ட 29 ஜிபின்னு காட்டி, ஃபைல் சிஸ்டம் "ரா"ன்னோ (விண்டோஸுக்கு புரியல), இடம் "அன்அலொகேட்டட்"ன்னோ (பார்ட்டிஷனே இல்ல) இருந்தா நம்பிக்கை இருக்கு. "நோ மீடியா"ன்னு வந்தா கன்ட்ரோலர் உயிரோட இருக்கு, ஆனா அதால மெமரி சிப்ப தொட முடியல, வீட்டுல பண்றதுக்கு பெருசா எதுவும் இல்ல. "யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு"ன்னு எல்லா கம்ப்யூட்டர்லயும் வந்தா அதுக்கும் மேல. ஒரு விஷயத்துல மட்டும் ஏமாந்துடாதீங்க: முன்னாடி லினக்ஸ் இன்ஸ்டால் பண்ண ஐஎஸ்ஓ ஃபைல் எழுதுன டிரைவ்ல விண்டோஸ் சில எம்பி சைஸ்ல ஒரு குட்டி பார்ட்டிஷன் மட்டும்தான் காட்டும், அது கோளாறே இல்ல, பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிக்கிற, கீழ சொல்ற கிளீன் கமாண்ட் ஒண்ணு போட்டா முழு சைஸும் திரும்பிடும்.

இப்ப கமாண்ட் பிராம்ப்ட அட்மினா திறந்து டிஸ்க்பார்ட்னு (டிஸ்க்குகள கையாளுற விண்டோஸ் டூல்) அடிங்க, அப்புறம் லிஸ்ட் டிஸ்க்னு அடிங்க. சைஸ பாத்து உங்க பென் டிரைவ் எந்த நம்பர்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துட்டு செலக்ட் பண்ணுங்க, இங்க நம்பர் மாறுனா ஹார்ட் டிஸ்க் காலி, "நிஜமாவா?"ன்னு கூட கேக்காது. செலக்ட் ஆனதும் அட்ரிபியூட்ஸ் டிஸ்க்னு அடிங்க. வர்ற லிஸ்ட்ல "கரண்ட் ரீட் ஒன்லி ஸ்டேட்"னு ஒரு வரி, "ரீட் ஒன்லி"ன்னு தனியா ஒரு வரி இருக்கும். ரெண்டாவது யெஸ்னா அது விண்டோஸ் போட்ட பூட்டு, அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி போட்டா போயிடும். ரெண்டாவது நோ, ஆனா கரண்ட் மட்டும் யெஸ்னா ஒண்ணு விண்டோஸ் செட்டிங்ஸ் எல்லாம் பதிவாகுற ரெஜிஸ்ட்ரில ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ்க்குள்ள ரைட் புரொடெக்ட் 1னு இருக்கும், அத 0 ஆக்கிட்டு டிரைவ கழட்டி மாட்டுங்க, அங்கயும் எதுவும் இல்லன்னா டிரைவே தன்னை பூட்டிக்கிச்சு. சந்தேகம் இருந்தா லினக்ஸ் லைவ் (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற லினக்ஸ்) போட்டு dmesg கமாண்ட்ல சிஸ்டம் மெசேஜ பாருங்க, சொருகுனதும் "ரைட் புரொடெக்ட் இஸ் ஆன்"னு வந்தா, அது டிரைவ் தன் வாயால சொல்றது, அதுக்கு மேல அப்பீல் இல்ல.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. சில டிரைவ் எந்த எரரும் காட்டாது, ஃபைல் டெலீட் ஆகும், ஃபார்மேட் கூட சக்ஸஸ்னு வரும், கழட்டி மாட்டுனா போன வருஷ கல்யாண போட்டோ எல்லாம் அப்படியே அதே ஃபோல்டர்ல உக்காந்திருக்கும். வைரஸ் இல்லைங்க. கன்ட்ரோலர் எழுதுறேன்னு தலையாட்டிட்டு எதையும் எழுதல, விண்டோஸ் தன் கேஷ்ல (தற்காலிக மெமரில) இருக்குறத காட்டி நம்மள நம்ப வச்சிருக்கு. செக் பண்றது ஈஸி: ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போடுங்க, இஜெக்ட் பண்ணிட்டு திரும்ப சொருகுங்க, ஃபைல் இல்லன்னா முடிஞ்சது.

ஏன் இப்படி ஆகுதுன்னா, பென் டிரைவ்ல இருக்குற ஃபிளாஷ் மெமரில ஒவ்வொரு பிளாக்கும் (மெமரியோட சின்னச் சின்ன பகுதி) இத்தனை தடவதான் அழிச்சு எழுத முடியும்னு இருக்கு. கெட்டுப்போன பிளாக்குக்கு பதிலா கன்ட்ரோலர் ஸ்பேர் பிளாக்க கொடுத்து, எது எங்க இருக்குன்னு மளிகைக் கடை பற்று நோட்டு மாதிரி ஒரு கணக்கு வச்சிருக்கும். ஸ்பேர் தீந்து போனாலோ அந்தக் கணக்கே குழம்பிட்டாலோ, இருக்குறதாவது மிஞ்சட்டும்னு நிறைய கன்ட்ரோலர்கள் ரீட் ஒன்லிக்கு போயிடும். எரிச்சலா இருந்தாலும் காப்பி எடுக்க அது கொடுக்குற சான்ஸ்தான்.

பூட்டு எதுவும் இல்லன்னா டிஸ்க்பார்ட்லயே கிளீன் போட்டு, புதுசா பார்ட்டிஷன் பண்ணி ஃபார்மேட் பண்ணுங்க. கிளீனே ஐஓ எரர்னு (எழுதவோ படிக்கவோ முடியல) விழுந்தா திரும்பத் திரும்ப அடிச்சு பாக்குறதுல புண்ணியமில்ல. ஃபார்மேட் ஆயிடுச்சுன்னாலும் சந்தோஷப்பட அவசரப்படாதீங்க, குயிக் ஃபார்மேட் டிரைவ்ல கொஞ்ச இடத்துலதான் எழுதும், மிச்ச இடம் எப்படி இருக்குன்னு அதுக்கு தெரியாது. டிரைவ டெஸ்ட் பண்ண விண்டோஸ்னா எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்னா எஃப்3ன்னு டூல் இருக்கு, ரெண்டுமே டிரைவ் முழுக்க நிரப்பி திரும்ப படிச்சு ஒப்பிட்டுப் பாக்கும். மணிக்கணக்குல ஓடும், ஓடட்டும். 1 டிபின்னு சீப்பா வாங்குன டிரைவோட உண்மையான கொள்ளளவும் இதுல வெளில வந்துடும். கொஞ்சம் எரர் வந்தாலும் அந்த டிரைவ்ல பாட்டு, படம் தவிர எதுவும் வைக்காதீங்க.

கடைசியா எம்பிடூல்னு ஒண்ணு சொல்லுவாங்க. சிப்ஜீனியஸ்ங்குற சாஃப்ட்வேர் வச்சு கன்ட்ரோலர் எந்த கம்பெனி, ஃபைசனா, சிலிக்கான் மோஷனா, அல்கோரான்னு பாத்து, அந்த சிப்புக்கு ஃபேக்டரில யூஸ் பண்ற டூல தேடி ஓட்டுறது. சில டிரைவ் நிஜமாவே எழுந்து உக்காரும், ஆனா டேட்டா மொத்தமும் போயிடும், வெர்ஷன் மாறுனா இருந்த டிரைவும் காணாம போயிடும், அந்த டூல் கிடைக்குற சைட்டெல்லாம் வைரஸ் கூடாரம். பொழுதுபோக்குக்குன்னா பழைய கம்ப்யூட்டர்ல பண்ணுங்க, 400 ரூபா டிரைவுக்காக மெயின் லேப்டாப்ப பலி கொடுக்காதீங்க.

வாரன்டி இருந்தா கிளெய்ம் பண்ணலாம், ஆனா பூட்டிக்கிட்ட டிரைவ்ல எதையும் அழிக்க முடியாது, உள்ள இருக்குற ஆதார் காப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதோடயே போகும். அந்த மாதிரி எதாவது இருந்தா வாரன்டிய மறந்துட்டு உடைச்சுடுங்க. வெளி ஷெல்ல நசுக்குனா பத்தாது, உள்ள போர்டுல பெரிய கறுப்பு சிப் ஒண்ணு இருக்கும், அதான் ரெண்டா உடையணும். நகம் சைஸ் டிரைவ்ல எல்லாமே ஒரே துண்டா இருக்கும், அப்போ அந்தத் துண்டையே உடைச்சு இ-வேஸ்ட்ல போடுங்க.