மைன்கிராஃப்டில் கழனி போடுவது: ஒரு குழித் தண்ணீர், 80 கட்டம்

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் பயிர் வைக்கிறவர்கள் பலரும் விளைச்சல் போதவில்லை என்றால் உடனே நிலத்தைப் பெருக்கப் பார்க்கிறார்கள். பரப்பு இரண்டாம் பட்சம். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, எதற்குப் பக்கத்தில் எதை நடுகிறோம் என்ற இரண்டும்தான் முக்கியம். 9-க்கு 9 கட்டம் (கட்டம் என்பது விளையாட்டு உலகின் ஒரு கனசதுரத் துண்டு) அளவில் ஒரே ஒரு கழனியை ஒழுங்காகப் போட்டால் ஓர் ஆளுக்கு ரொட்டி மிஞ்சும். கீழே வரும் கணக்கு விளையாட்டின் ஜாவா (Java) பதிப்புக்கானது.

முதலில் இடத்தைச் சமப்படுத்துங்கள். நடுக் கட்டத்தை மட்டும் ஓர் ஆழம் தோண்டி அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வாளி செய்ய 3 இரும்புக் கட்டி போதும். அந்தக் குழி எல்லாப் பக்கமும் 4 கட்டம் வரை, மூலைவாட்டிலும் சேர்த்து, ஈரம் கொடுக்கும். 81 கட்டத்தில் குழி போக 80 கட்டம் நனையும். கால்வாய் வெட்டவோ பாத்திக்குப் பாத்தி மடை திருப்பவோ வேண்டாம்.

மட்டம் தவறினால் எல்லாம் கெடும். தண்ணீர் மண்ணுக்குச் சமமாக இருக்கலாம், ஒரு கட்டம் மேலே இருக்கலாம். ஒரு கட்டம் கீழே போனாலும், இரண்டு கட்டம் மேலே போனாலும் ஈரம் வராது. காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: ஏரி மேட்டில், கழனி பள்ளத்தில். படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காகக் கழனி போடுகிறவர்கள் கீழ்ப்படியில் மட்டும் குழி வைத்துவிட்டு, மேல்படி ஏன் காய்கிறது என்று தேடுவார்கள். குழியை மேல்படியில் வையுங்கள்.

உழுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குழிக்கு நேர் மேலே, பயிர் நிற்கும் மட்டத்தில், ஒரு விளக்குப் பூசணியை (ஜாக் ஓ'லாண்டர்ன், உள்ளே விளக்கெரியும் பூசணி) வைத்துவிடுங்கள். தண்ணீரின் மேல் நேராக வைக்க முடியாது. பக்கத்துக் கட்டத்தின் மேல் தற்காலிகமாக ஒரு மண் கட்டியை வைத்து, அதன் பக்கவாட்டில் பூசணியை ஒட்டிவிட்டு மண்ணை எடுத்துவிடலாம். உழுத பிறகு இதைச் செய்தால் மண் கட்டி வைத்த கட்டம் பழையபடி வெறும் மண்ணாகிவிடும். பூசணி இருந்தால் குழியில் கால் தவறி விழ மாட்டீர்கள், இரவிலும் வெளிச்சம் இருக்கும். பனிப் பிரதேசத்தில் வானம் பார்த்த தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகி, நிலம் காய்ந்துவிடும். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்குத் தோன்றாத சிக்கல் இது. பூசணி அதையும் தடுக்கும்.

பிறகு ஹோ (மண்ணைக் கொத்தும் கருவி) எடுத்து உழுங்கள். மரத்தில் செய்த ஹோ 59 முறைதான் தாங்கும், 80 கட்டத்துக்குப் பற்றாது. கல்லில் செய்தது 131 முறை வரும். கரடு மண்ணாக இருந்தால் ஒரு கட்டத்தை இரண்டு முறை கொத்த வேண்டும். முதல் கொத்தில் அது சாதா மண்ணாகத்தான் மாறும். உழுததும் நிறம் கறுக்கவில்லையே என்று பதற வேண்டாம். நனையவோ வளரவோ ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரியாக 68 நொடிக்கு ஒருமுறைதான் விளையாட்டு முறை தரும். ஐந்து நிமிடம் கழித்தும் வெளிறியே இருக்கும் கட்டம் நிறைய இருந்தால் தூரமோ மட்டமோ தப்பு. பயிர் இல்லாத காய்ந்த கட்டம் சீக்கிரமே வெறும் மண்ணாகத் திரும்பிவிடும்.

விதைப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். 80 கட்டத்திலும் கோதுமையை நிரப்பினால் வளர்ச்சி பாதியாகும். ஒரே பயிர் மூலைவாட்டில் பக்கத்தில் இருந்தாலோ, கிழக்கு மேற்கிலும் வடக்கு தெற்கிலும் சேர்ந்தே இருந்தாலோ விளையாட்டு வேகத்தைக் குறைத்துவிடும். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் ஊடே துவரைச் சால் விடுவார்களே, அதுபோல ஒரு சால் கோதுமை, ஒரு சால் கேரட், மறுபடி கோதுமை என்று மாற்றி மாற்றி நடுங்கள். ஈரமான கழனியின் உட்பகுதியில் இப்படி நட்டால் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு வாய்ப்பு வளர்ச்சிக்கு. கோதுமை விதையிலிருந்து முற்றச் சராசரியாக 24 நிமிடம். ஒரே பயிரை நிரப்பினால் ஆறில் ஒன்று, 48 நிமிடம். காய்ந்த நிலத்தில் ஒரே பயிர் என்றால் பதின்மூன்றில் ஒன்று, 1 மணி 43 நிமிடம் ஆகும். சுற்றிலும் ஈரக் கட்டம் குறைவாக இருப்பதால் ஓரத்துப் பயிர் சற்றுப் பிந்தும்.

வெளிச்ச அளவு 9 இருந்தால்தான் பயிர் வளரும். பூசணியின் வெளிச்சம் 15. கட்டத்துக்கு ஒன்று குறையும், மூலைக்கு நேர்க்கோட்டில் போகாமல் வளைந்து போகும். அதனால் நாலு மூலையிலும் 7, அதை ஒட்டிய எட்டுக் கட்டங்களில் 8. திறந்த வெளியில் வானத்து வெளிச்சமே போதும், இரவிலும் வளரும். குகைக்குள் மூலைப் பயிர் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அந்த எட்டும் வளராமல் சும்மா நிற்கும். கழனிக்கு வெளியே மூலைக்கொன்றாக நாலு டார்ச் வைத்தால் தீர்ந்தது.

வரப்பை உயர்த்தாதீர்கள். நம்மூரில் உயர்ந்த வரப்பு நல்லது, இங்கே அதுவே வினை. ஒரு கட்டம் உயர்ந்த வரப்பிலிருந்து கழனியில் இறங்கினால் பாதிக்கு மேல் வாய்ப்பு அந்தக் கட்டம் மிதிபட்டு மண்ணாகும், பயிரும் போகும். நின்ற இடத்தில் குதித்தால் 75 விழுக்காடு. நடக்கலாம், ஓடலாம், ஒன்றும் ஆகாது. வரப்பு சமமாக இருக்கட்டும். வேலியை உழுத கட்டத்தின் மேல் வைக்காமல் அதற்கு வெளியே போடுங்கள். கேரட் இருக்கும் இடத்தில் வேலி கட்டாயம், முயல் தின்றுவிடும்.

அறுத்த கையோடு நட்டுவிடுங்கள். எலும்புத்தூள் கோதுமை, கேரட், உருளையை ஒரே தூவலில் 2 முதல் 5 வளர்ச்சி நிலை வரை தள்ளும். பீட்ரூட்டில் வீணாக்க வேண்டாம், மிஞ்சினாலும் ஒரு நிலைதான். கட்டிலில் படுத்து எழுந்தால் இரவு போகும், பயிர் வளராது. வெகுதூரம் போய்விட்டாலும் அப்படியே நின்றுவிடும். சுரங்கம் தோண்டும் இடம் கழனியிலிருந்து 80 கட்டத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், நீங்கள் உள்ளே வெட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே கதிர் முற்றும்.