வெர்ச்சுவல் டெஸ்க்டொப்: எந்த மென்பொருளைத் தெரிவது, எப்படி அமைப்பது

ஒரே கணினியில் வேலைக்கொன்றாகப் பல டெஸ்க்டொப்களை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளும் வசதியே வெர்ச்சுவல் டெஸ்க்டொப். அது வேண்டும் என்றதும் பலர் இணையத்தில் மென்பொருள் தேடிப் பதிவிறக்குவார்கள். அநேகமாக அது தேவைப்படாது. 2015இல் வந்த விண்டோஸ் 10 முதல் விண்டோஸுக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. மெக்கில் 2007 முதல் இருக்கிறது, லினக்ஸில் அதற்கும் முன்பிருந்தே. கையிலுள்ளதை ஒழுங்காக அமைத்துப் பார்த்து, போதாத இடம் எது என்று தெரிந்த பிறகு வேறு மென்பொருளைத் தேடுவதே சரி.

வெள்ளவத்தைப் பக்கத்துக் கொம்யூனிகேஷன் கடையொன்றின் கணினியை எடுத்துக்கொள்வோம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அழைப்பிதழ் தட்டச்சு, வட்ஸ்அப்பில் வந்து குவியும் பிரின்ட் வேலை, எக்செலில் கடைக் கணக்கு. இதற்கு மூன்று டெஸ்க்டொப் போதும். ஐந்து, ஆறு என்று போனால் எது எங்கே என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

விண்டோஸ் + டாப் (Tab) விசைகளை அழுத்தினால் எல்லா டெஸ்க்டொப்பும் தெரியும். அங்கேயே புதிது சேர்க்கலாம். அல்லது விண்டோஸ் + கன்ட்ரோல் + டி. பெயரின் மேல் கிளிக் செய்து ‘தட்டச்சு’, ‘பிரின்ட்’, ‘கணக்கு’ என்று மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 11 என்றால் ஒவ்வொன்றுக்கும் வேறு பின்னணிப் படமும் வைக்கலாம். இதை அலங்காரம் என்று தள்ளிவிட வேண்டாம்: எந்த டெஸ்க்டொப்பில் நிற்கிறோம் என்பதைக் கண் உடனே பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக விண்டோஸ் + கன்ட்ரோலுடன் இட, வல அம்புக்குறிகள். லெப்டொப்பின் டச்பேட் இடம் கொடுத்தால் நான்கு விரலால் பக்கவாட்டில் தள்ளினாலும் மாறும். விண்டோஸ் + கன்ட்ரோல் + எஃப்4 நிற்கும் டெஸ்க்டொப்பை மூடும். அதிலிருந்த விண்டோக்கள் மூடப்படாமல் பக்கத்து டெஸ்க்டொப்புக்குப் போய்விடும்.

வட்ஸ்அப் ‘பிரின்ட்’ டெஸ்க்டொப்பில் திறந்திருக்க, ‘கணக்கில்’ நின்றுகொண்டு அதன் ஐகனைத் தட்டினால் திரை அப்படியே பிரின்டுக்குத் தாவிவிடும். ஒரே விண்டோவில் ஓடும் நிரல்கள் எல்லாமே இப்படித்தான். விண்டோஸ் + டாப் திரையில் அந்த விண்டோவின் மேல் வலது கிளிக் செய்து, எல்லா டெஸ்க்டொப்பிலும் காட்டும்படி தெரிவு செய்துவிட்டால் இந்தத் தொல்லை ஓயும்.

தமிழில் வேலை செய்பவர்களை வதைப்பது வேறொன்று. பாமினிக்குக் கீபோர்ட் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இன்றைய பொதுக் குறிமுறையான யுனிகோடுக்குத் தமிழில். விண்டோஸ் வழமையாக எல்லா விண்டோவுக்கும் சேர்த்து ஒரே கீபோர்ட் மொழியைத்தான் வைத்திருக்கும். அதனால் யுனிகோடில் மின்னஞ்சல் அடித்துவிட்டு அழைப்பிதழுக்குத் திரும்பினால் கீபோர்ட் இன்னும் தமிழிலேயே நிற்கும், பாமினி குழம்பும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், டைம் அன்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ் என்று போய், ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி மொழி வைத்துக்கொள்ளும் பெட்டியில் சரி போடுங்கள். டெஸ்க்டொப்பைப் பிரித்ததன் பயன் பாதி இதில்தான் இருக்கிறது.

இனி, இந்த வசதி செய்யாதவை. மறைந்திருக்கும் டெஸ்க்டொப்பில் உள்ள நிரல்களும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே ரெம் மிச்சமாகாது. 4 ஜிபி ரெம் உள்ள பழைய லெப்டொப் திணறுகிறது என்றால் டெஸ்க்டொப்பைப் பிரிப்பது மருந்தல்ல; ரெம்மை 8 ஜிபி ஆக்குங்கள். மின்வெட்டு வந்து கணினி நின்றால், டெஸ்க்டொப்களும் பெயர்களும் மிஞ்சும். திறந்திருந்த நிரல்களை மீண்டும் அந்தந்த இடத்தில் நாம்தான் வைக்க வேண்டும்.

பாதுகாப்பும் கிடையாது. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதியை ‘பிரின்ட்’ டெஸ்க்டொப்பில் வைத்தால் மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கோப்புகள் எல்லா டெஸ்க்டொப்புக்கும் பொது. பிரிக்க வேண்டுமானால் தனிப் பயனர் கணக்கு திறக்க வேண்டும்.

அப்படியானால் வேறு மென்பொருள் எப்போது? இரண்டு மொனிட்டர் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸின் குறை தெரியும்: மாற்றினால் இரண்டு திரையும் சேர்ந்தே மாறும். இரண்டாவது திரையில் அசையாமல் இருக்க வேண்டியதை எல்லா டெஸ்க்டொப்பிலும் காட்டும்படி வைத்துச் சமாளிக்கலாம். மெக்கில் ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்பேஸ் (வெர்ச்சுவல் டெஸ்க்டொப்புக்கு மெக்கின் பெயர்) உண்டு. லினக்ஸின் திரை இடைமுகங்களில் ஒன்றான குநோமில் வழமையாக முதன்மைத் திரை மட்டும் மாறும், மற்றது அப்படியே நிற்கும்.

விண்டோவைக் கீபோர்டாலேயே அடுத்த டெஸ்க்டொப்புக்கு அனுப்பும் குறுக்குவழி விண்டோஸில் இல்லை. அதற்கென்று சிறிய இலவச நிரல்கள் பல உண்டு. ஆனால் அவற்றில் பல மைக்ரோசொஃப்ட் வெளியில் ஆவணப்படுத்தாத உள்வழிகளைப் பிடித்து இயங்குபவை; பெரிய அப்டேட் ஒன்று வந்ததும் நின்றுவிடும். கடையின் அன்றாட வேலையை அவற்றின் மேல் கட்டாதீர்கள்.

மைக்ரோசொஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற இலவச நிரல் தொகுதியில் உள்ள ‘டெஸ்க்டொப்ஸ்’ மிகச் சிறியது, நான்கு டெஸ்க்டொப் தரும். ஆனால் ஒன்றில் திறந்த விண்டோவை மற்றதற்கு நகர்த்த முடியாது, கடிகாரத்தின் பக்கத்து ஐகன்கள் பெரும்பாலும் முதல் டெஸ்க்டொப்பில் மட்டுமே தெரியும், அதிலிருந்து வெளியேற லொக் ஓஃப் செய்ய வேண்டும். விண்டோஸ் 10 உள்ள கணினிக்கு இதைப் போட ஒரு காரணமும் தெரியவில்லை. விண்டோஸ் 7இலேயே நிற்கும் கணினிக்கு ‘வெர்ச்சுவாவின்’ (VirtuaWin) என்ற நிரல் இதைவிட நல்லது. இலவசம், 20 டெஸ்க்டொப் வரை தரும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத லெப்டொப்பில் லினக்ஸ் மின்ட் போடுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் இலாபம்தான். அதன் சினமன் என்ற திரை இடைமுகத்தில் நான்கு வேர்க்ஸ்பேஸ் (வெர்ச்சுவல் டெஸ்க்டொப்புக்கு லினக்ஸில் உள்ள பெயர்) தயாராகவே இருக்கும். கன்ட்ரோல் + ஓல்ட் + இட, வல அம்புக்குறியால் மாறலாம், ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் விண்டோவும் கூடவே வரும். மெக்காரர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள்: டெஸ்க்டொப் அன்ட் டொக் அமைப்பில், அண்மையில் பயன்படுத்திய வரிசைப்படி ஸ்பேஸ்களைத் தானே மாற்றி அடுக்கும் தெரிவை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்வரை இரண்டாவது இடத்தில் வைத்த கணக்கு இரண்டாவது இடத்தில் நிற்காது.