செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்க ஓடாதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் என் பைக் பட்டறைக்குத் தொழில் கற்க வரும் பையன்கள் எல்லோரும் அதே சில இடங்களில்தான் வழுக்குகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அங்கே வழுக்கியவன்தான், அதனால் ரொம்பத் திட்டவும் முடிவதில்லை. கில் சுவிட்ச் (இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) ஆஃபில் இருப்பது, சைடு ஸ்டாண்டை எடுக்க மறப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதற்காக வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களை நான் ஒரு டீயோடு விட்டுவிடுவேன்.

அளக்காமல் பேட்டரியை மாற்றுவது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். சுவிட்சை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லையென்றால் பெரும்பாலும் ரிலேவுக்கே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) கரண்ட் போகவில்லை. ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் என்று பாருங்கள். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் ரிலே பாயிண்டோ செல்ஃப் மோட்டாரோ. ‘டக்டக்டக்’ என்று அடித்துக்கொண்டால் ஊரே "பேட்டரி போச்சு" என்று சொல்லும். பல தடவை அது சரிதான். சரியில்லாத தடவைதான் காசைத் தின்கிறது.

போன மே மாதம், அக்னி வெயிலில், காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான். நண்பன் பின்னாலிருந்து காலால் தள்ளிக்கொண்டே பாலாற்றுப் பாலம் தாண்டிக் கொண்டுவந்துவிட்டான். ஒரு கடையில் புதுப் பேட்டரி மாட்டியிருந்தார்கள். அப்படியும் டக்டக். "செல்ஃப் மோட்டாரையும் மாத்தணும்னு சொல்றாங்கண்ணா" என்றான். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை இன்ஜின் உடம்பிலும் வைத்து, அவனை செல்ஃபை அழுத்தச் சொன்னேன். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாத இடத்தில் 3 வோல்ட்டைத் தாண்டித் துள்ளியது. பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு சேர்க்கும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினால், வளையத்துக்கு அடியில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. அதற்கும் கீழே, யாரோ வண்டிக்கு அடித்த பெயிண்ட். உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து முடுக்கினேன், ஒரே அழுத்தில் எடுத்தது. பேட்டரிக் காசு போனது போனதுதான்.

பேட்டரியைச் சந்தேகப்பட்டால் அதற்கும் முறை இருக்கிறது. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டுவதை நம்பாதீர்கள். செத்த பேட்டரியும் சார்ஜரிலிருந்து எடுத்ததும் அப்படிக் காட்டும். முழுதாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் விட்டு, செல்ஃபை அழுத்தியபடியே அதன் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். 9.5-க்குக் கீழே விழுந்தால் தாராளமாக மாற்றுங்கள். விழாமல் நின்றால் தப்பு வேறெங்கோ.

இதற்கெல்லாம் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். அதை வாங்கச் சொன்னால் மட்டும் யோசிப்பார்கள்.

கேன் தண்ணீர் ஊற்றுவது

நம் வேலூர் வெயிலில் பழைய வகை பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், அதுவும் மேல்கோடு வரைதான். ஆசிட் ஊற்றவே கூடாது.

ஃபியூசுக்குப் பதில் கம்பி

வயரிங் மொத்தமும் எரியும். வேண்டாம்.

பாசிட்டிவை முதலில் கழற்றுவது

நெகட்டிவ்தான் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

ஸ்க்ரூடிரைவரால் ரிலேவை ஷார்ட் செய்வது

ரிலேயின் இரண்டு பெரிய முனைகளையும் இணைத்துப் பார்ப்பது நல்ல சோதனைதான், மோட்டார் சுற்றினால் ரிலே பக்கம் கோளாறு என்று தெரிந்துவிடும். ஆனால் நியூட்ரலில்தானா என்று வண்டியைக் கையால் உருட்டிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இப்படிச் செய்யும்போது கிளட்ச் சுவிட்சும் சைடு ஸ்டாண்டு சுவிட்சும் காவலுக்கு வராது. கியரில் இருந்தால் வண்டி பாயும்.

ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றுவது

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க இப்படிச் செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. பழைய வண்டியில் தப்பித்திருப்பீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். வோல்ட்டேஜ் எகிறினால் இசியு (இன்ஜினுக்குப் பெட்ரோல் விடுவதை நடத்தும் கம்ப்யூட்டர்) போய்விடும், அதன் விலைக்கு எத்தனையோ பேட்டரி வாங்கலாம். ஒயரைத் தொடாமல் பேட்டரியில் மீட்டரை வைத்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்குங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழேயே நின்றால் ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துவது), ஸ்டேட்டர் (கரண்ட் உண்டாக்கும் காயில்) பக்கம் போங்கள்.