கோடைக் கீரை: விதைக்கும் நாளிலேயே நடக்கும் தவறுகள்

சித்திரை வெயிலில் கீரை வராது என்று பலரும் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். வரும். ஆனால் வெயிலைத் தாங்கும் கீரையாகப் பார்த்துப் போட வேண்டும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாலக் மூன்றும் கார்த்திகை, மார்கழிக்கு உரியவை. மே மாதத்தில் கொத்தமல்லி நாலு இலை விட்டதுமே பூவெடுத்துவிடும், லெட்டூஸ் கசந்துபோகும். அந்த நேரத்தில் அரைக்கீரை, தண்டுக்கீரை, புளிச்சக்கீரை போடுங்கள். கொடிப்பசலையைத் தண்டாக நட்டாலே வேர் பிடித்துப் பந்தலேறும்.

சரி, கீரை முடிவாகிவிட்டது. இனிமேல்தான் பெரிய தவறு நடக்கிறது: விதையை அள்ளித் தூவுவது. அரைக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. கையால் தூவினால் கொத்தாக ஒரே இடத்தில் விழும். நெருக்கமாக முளைத்த நாற்றுகள் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளரும். காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தங்கி, அடித்தண்டு அழுகிச் சாயும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், மிச்சமும் போய்விடும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு காய்ந்த மணலைக் கலந்து தூவுங்கள். அதன்மேல் மெல்லிசாக மண் போட்டால் போதும். ஒரு அங்குலம் மூடினால் முளை மேலே வராது. குழாயைத் திறந்து பீய்ச்சாமல் பூவாளியால் தெளியுங்கள். எறும்பு விதையை இழுத்துப் போகும் இடமென்றால் ஓரத்தில் கொஞ்சம் நொய் தூவி வையுங்கள்.

மாடியில் தொட்டியைச் சூடேறும் தரையில் நேராக வைக்காதீர்கள், செங்கல்மேல் ஏற்றுங்கள். மதிய வெயிலுக்கு ஐம்பது சதவீத நிழல்வலை போதும். அதைவிட அடர்ந்த வலையில் தண்டு மெலிந்துவிடும். காலையில் வேர்ப்பக்கம் தண்ணீர் விடுங்கள். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் அடிப்புறத்தில் வெள்ளைக் கொப்புளமாக நோய் வரும். அந்த இலைகளை உடனே கிள்ளி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அறுவடை. சிறுகீரையை வேரோடு பிடுங்குவதுபோல அரைக்கீரையையும் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. பல தடவை அறுக்க வேண்டிய செடி அது. தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கத்தியால் அறுங்கள். கூடவே ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டுத் தண்ணீர் தெளித்தால் அடிக்கணுக்களில் துளிர்விடும். முளைக்கீரையை 25 நாளுக்குள் எடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் தண்டு நாராகிவிடும்.