முட்டி வலி, இடுப்பு வலிக்கு டாக்டரைப் பார்ப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் குனிந்தே தக்காளி பறிப்பவர்களுக்கும், ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கும் இடுப்பும் முட்டியும் சும்மா இருக்காது. முதலில் தைலம், பிறகு மெடிக்கல் மாத்திரை, பிறகு யாரோ சொன்ன கட்டு. டாக்டரிடம் போவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். போனாலும் ஓபி கூட்டத்தில் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான். அதை வீணாக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

படி 1: அவசரமா, இல்லையா?

இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது. ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் அடிப்பது. கீழே விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமல் போவது. இவற்றில் எது இருந்தாலும் ஓபி நேரம் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 2: யாரிடம் போவது?

மற்ற வலிகளுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமே போதுமான தொடக்கம். தேவைப்பட்டால் அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

நடக்கவே முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு.

படி 3: ஒரு துண்டுச்சீட்டு

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான். 'உடம்பெல்லாம் வலிக்குது டாக்டர்' என்றால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. இப்படி எழுதுங்கள்:

வலி எந்த இடத்தில்? ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா? படி இறங்கும்போதா, குத்த வைத்து எழும்போதா, ராத்திரி படுத்த பிறகா? இடுப்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை இழுக்கிறதா?

காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கமாக இருக்கிறதா? கொஞ்சம் நடமாடினால் சரியாகிவிட்டால் பெரும்பாலும் தேய்மானம். அரை மணிக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை, வேறு மருந்து என்று வழியே வேறு.

நம் ஊர்க்காரர்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல வருஷம் போர் தண்ணீரே குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிப்போகலாம். பார்வைக்குச் சாதாரண மூட்டுவலி மாதிரியே இருக்கும்.

சுகர், பிரஷர், அல்சர், கிட்னி பிரச்சினை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையின் அட்டையையும் கொண்டு போங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். அந்த மாத்திரைகள் வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கக்கூடியவை.

படி 4: அறைக்குள்ளே

முட்டிக்கு மேல் ஏற்றக்கூடிய தளர்வான துணி உடுத்துங்கள். டாக்டர் அழுத்தி, மடக்கி, நடக்கவிட்டுப் பார்ப்பார். 'ஸ்கேன் எழுதுங்க' என்று நாமே தொடங்க வேண்டாம். நாற்பது தாண்டியவர் பலருக்கு, வலியே இல்லாவிட்டாலும் ஸ்கேனில் தேய்மானம் தெரியும்.

வெளியே வருமுன் மூன்று கேள்வி: என்ன பிரச்சினை, எந்த வேலையை நிறுத்த வேண்டும், பிசியோதெரபி வேண்டுமா? ஆபரேஷன் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி, அதில் சேருமா என்று அங்கேயே கேளுங்கள்.

படி 5: பிசியோதெரபி

'கரண்ட் வைப்பது' மட்டும்தான் பிசியோ என்று பலர் நினைக்கிறார்கள். அது சற்று நேர ஆறுதல்தான். நிலைப்பது பயிற்சி. முட்டித் தேய்மானத்துக்கு வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பது: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது. தொடைச் சதை வலுவானால் முட்டிக்குப் பாரம் குறையும்.

பயிற்சியின்போது லேசாக வலிப்பது சகஜம். மறுநாளும் அந்த வலி தங்கினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், பயிற்சியையே நிறுத்திவிட வேண்டாம். வீட்டில் செய்வதை யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, அடுத்த முறை போகும்போது பிசியோவிடம் காட்டுங்கள். தப்பாகச் செய்தால் அங்கேயே திருத்திவிடுவார்.