அந்திமந்தாரை உங்கள் ஊரில் எப்போது விரியும்?

தூரத்து நண்பர்களுக்குத் தினமும் 'காலை வணக்கம்' படம் அனுப்புவதைவிட, அன்று கண்ணில் பட்ட ஒன்றைச் சின்னக் கேள்வியோடு அனுப்பிப் பாருங்கள். எங்கள் வீட்டு அந்திமந்தாரை மாலை 4 மணிக்கு மேல்தான் விரியும். அதைப் படமெடுத்து, "உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். மாதக்கணக்கில் பேசாதவர்கள்கூடத் தங்கள் வீட்டுக் கொல்லையைப் படமெடுத்து அனுப்பினார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

அப்புறம் ஒன்று. நேரில் பார்த்திராதவர்களும் இருக்கும் குழு என்றால், படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பாதீர்கள். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், படமெடுத்த இடமும் கோப்போடு சேர்ந்தே போய்விடும். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அந்த விவரத்தை நீக்கிவிடுகிறது. கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்தே வைப்பது இன்னும் நல்லது.