சாய்ந்த கோபுரத்தைக் கணினியில் நிமிர்த்தாதீர்கள்

சீனாவின் ஷான்சி மாகாணத்தில், யிங்சியன் என்ற ஊரில், 1056-ல் கட்டிய எண்கோண மரக் கோபுரம் இன்றும் நிற்கிறது. உயரம் 67 மீட்டருக்குச் சற்று மேல். ஆனால் இரண்டாம் தளத்துத் தூண்கள் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்துவிட்டன. இப்படியொரு கட்டடத்தை லேசர் ஸ்கேனரால் அளந்து முப்பரிமாண மாதிரி செய்பவர்கள் முதலில் சறுக்குவது இந்தச் சாய்வில்தான். ஒரு தூணை நேராக வரைந்து எல்லாப் பக்கமும் ஒட்டிவிடுகிறார்கள். படம் அழகாகத்தான் வரும். பழுதுபார்ப்பவருக்கோ எந்தத் தூண், எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் சாய்ந்தது என்பதுதான் வேண்டும். அதை அழித்துவிட்டால், பத்து வருஷம் கழித்து அளப்பவர் எதோடு ஒப்பிடுவார்?

தூணுக்கும் கூரைக்கும் நடுவே அடுக்கி வைக்கும் தாங்குகட்டைகளை தோகோங் என்பார்கள். இந்தக் கோபுரத்தில் மட்டும் அவை 54 வகை. ஒன்றை நகலெடுத்து மற்ற இடங்களை நிரப்பவே கூடாது. 1103-ல் வெளிவந்த 'யிங்சாவ் ஃபாஷி' என்ற கட்டட விதிநூலைப் பார்த்து நிரப்புவதிலும் கவனம் வேண்டும். கோபுரம் அந்த நூலைவிட மூத்தது. அளந்தது எது, ஊகித்தது எது என்று மாதிரியிலேயே நிறம் பிரித்துக் காட்டுங்கள்.

லேசர் மேற்பரப்பைத்தான் பார்க்கும். கட்டைக்குள் செருகிய நாக்கு உளுத்திருந்தால் அதற்குத் தெரியாது. அதைத் தனியாகச் சோதித்து மாதிரியில் சேர்க்க வேண்டும். மூலத் தரவையும் தூக்கிப் போடாதீர்கள்.

வடிவம் மட்டும் போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. அதே ஷான்சியில் உள்ள ஃபோகுவாங் கோயிலின் கிழக்கு மண்டபம் 857-ல் கட்டியது என்று 1937-ல் எப்படித் தெரிந்தது? கட்டடக்கலை ஆய்வாளர் லின் ஹுயின் உத்திரத்தின் அடியில் மங்கலாகத் தெரிந்த மை எழுத்துகளைக் கீழே நின்றே கவனித்தார். அதில் மண்டபத்துக்குக் கொடையளித்த பெண்ணின் பெயர் இருந்தது. மண்டபத்துக்கு வெளியே 857 என்று ஆண்டு பொறித்த கல்தூணிலும் அதே பெயர் இருந்ததால் காலம் உறுதியானது. அளவை மட்டும் பதிந்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்காமல் வந்தால் அந்த வரி நம் கோப்பில் இருக்காது.

அப்புறம், கட்டடத்தில் பின்னால் செய்த மாற்றங்கள். யிங்சியன் கோபுரத்தின் மேல்தளங்களில் முன்பு மண்சுவர்கள் இருந்தன. அவற்றுக்குள் குறுக்குச் சட்டங்கள் தூண்களை இறுக்கிப் பிடித்திருந்தன. 1930-களில் அவற்றை எடுத்துவிட்டுச் சட்டக் கதவுகள் வைத்தார்கள். தூண்கள் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். நல்லவேளை, கட்டடக்கலை வரலாற்றாய்வாளர் லியாங் சிசெங் 1933-லேயே வந்து அளந்து படமெடுத்திருந்தார். அவருடைய படங்களில் அந்தச் சுவர்கள் இருக்கின்றன.